பதினாலாவது ஊசி

"இன்னா சார், உங்கள மட்டும் தங்கப்பல்லு கட்டுன நாயா கடிச்சுது? வரிசைல வாங்க!"

செங்கல்வராயன் திரும்பிப் பார்த்தான்.

கண்கள்... முதலில் தெரிந்தது அந்தக் கண்கள்தான். ஐப்பசி மழையில் நனைந்த நெற்றி முடிக்குக் கீழே, கோபத்தில் இன்னும் பெரிதாகிப்போன இரண்டு கண்கள்.

அவனிடம் இப்படிப் பேச செய்யூர்ப் பக்கம் ஆள் கிடையாது. அவன் ஊரில் சைக்கிளில் வருகிறவர்கள் அவனுடைய வேர்க்கடலை மண்டியைத் தாண்டும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். அவன் தராசில் ஏறிய மூட்டையை வேறெந்த வியாபாரியும் மறு எடை போடுவதில்லை. பங்காளிச் சண்டையோ, வாய்க்கால் தகராறோ, "மண்டிக்காரர் சொல்லட்டும்" என்பார்கள். முப்பத்து நாலு வயதுக்குள் அத்தனை மரியாதை. எங்கே போனாலும் தானாக வழிவிடுவார்கள் என்ற பழக்கத்தில்தான், செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியின் நாய்க்கடி வரிசையிலும் நேராக முன்னால் போய் நின்றுவிட்டான்.

வந்து அந்தப் பெண்ணின் பின்னால் நின்றான். கோபம் வரவில்லை. கோபத்துக்கு இடமில்லாமல் உள்ளே முழுக்க பயம் நிறைந்திருந்தது.

நேற்று மண்டிக்குள் எச்சில் வடிய ஒரு நாய் புகுந்தது. மூட்டை தைக்கும் பெண்கள் மேல் பாயப் போனதை அவன் குறுக்கே விழுந்து மறித்தான். கெண்டைக்காலைக் கவ்விவிட்டு ஓடியது நாய். "ஒண்ணுமில்ல, வேட்டிதான் கிழிஞ்சிது" என்று சிரித்தான். ஊர் நம்பியது. மண்டிக்காரர் பொய் சொல்ல மாட்டாரே!

ஏன் மறைத்தான்? பத்து வயதில் அவன் கண்டது அப்படி. நாய் கடித்த சித்தப்பாவைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஒரு சொம்புத் தண்ணீரைப் பார்த்து அந்த மனிதர் அலறிய அலறல்... அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் கை நனைக்கவில்லை. சித்தப்பா செத்து வருஷங்கள் கழித்தும் அது 'நாய்க்கடி வீடு'தான். அந்தப் பெயருக்குப் பயந்துதான், முதல் பஸ் பிடித்து, தன்னை யாருக்கும் தெரியாத செங்கல்பட்டுக்கு வந்திருந்தான்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. நாளுக்கு ஒன்று. "நடுவுல ஒரு நாள் விட்டாலும் நான் பொறுப்பில்ல" என்று ஊசி போடும் சிஸ்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்து மறு ஓரத்தில் உட்கார்ந்தான். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்... அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

"ஐயோ, சிரிச்சா வலிக்குது... சிரிக்க வெக்காதீங்க சார்."

"நான் இன்னாம்மா பண்ணேன்?"

"உங்க மூஞ்சி! திருவிழால தொலஞ்ச கொயந்த மாரி கீது."

அவள் பெயர் ரோகிணி. இருபத்தெட்டு வயது. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத்தில் வேலை. வீட்டில் அம்மா ஞானம்மாள் மட்டும். அவளுக்கும் அன்றுதான் முதல் ஊசி. கடற்கரையில் அவளைக் கடித்த நாய் மறுநாளே செத்துக் கிடந்ததாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் கண்ணில் சிரிப்பு இல்லை.

தினமும் விடியலில் அவன் ரகசியமாக ஒரு காரியம் செய்தான். பின்கட்டில் நின்று சொம்புத் தண்ணீரை உற்றுப் பார்ப்பான். பயமாக இருக்கிறதா...? இல்லை. குடிப்பான். அப்பாடா! ஆறாம் நாள் அவசரத்தில் புரையேறிவிட்டது. கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டான். வந்துவிட்டதா? இதுதானா அது?

அன்று பெஞ்சில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். "எனக்கு பயமா கீது ரோகிணி." வாழ்க்கையில் அந்த வார்த்தையை முதல்முறையாக ஒருவரிடம் சொன்னான்.

அவள் கேலி செய்யவில்லை. "நானும் தெனம் அதத்தான் பண்ணிகினு கீறேன்," என்றாள் மெல்ல. "அம்மா எழுந்துக்கறதுக்கு முன்னாடி... ஒரு டம்ளர்ல."

மழை பிடித்துக்கொண்டது. வேப்ப இலையிலிருந்து ஒரு சொட்டு அவள் இமையில் விழுந்து நின்றது. துடைக்கக் கை நீட்ட நினைத்தவன், நினைத்ததற்கே பதறிக் கைகளைக் கட்டிக்கொண்டான்.

பத்தாம் நாள் அவள் வரவில்லை.

ஊசி போட்டுக்கொண்டு வந்து காத்திருந்தான். ஒரு பஸ்... இரண்டு பஸ்... மூன்று. கட்டிலும் கயிறும் கண்முன் வந்தன. இந்த முறை கட்டிலில் சித்தப்பா இல்லை. அடுத்த மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

பூத்தில் வேறொரு பெண் இருந்தாள். "ரோகிணியா? நல்லாத்தான் கீது. பொண்ணு பாக்க வரவேண்டியவங்க நாய்க்கடி சேதி தெரிஞ்சி வரலன்னுட்டாங்க. அவங்கம்மா இனிமே வெளிய அனுப்ப மாட்டேன்றாங்க."

உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. உடனே அடுத்த பயம். இன்னும் ஐந்து ஊசி பாக்கி இருக்கிறதே!

வீட்டுக்கு வழி கேட்டுப் போனவனை ஞானம்மாள் வாசலிலேயே மறித்தாள். "யாருய்யா நீ? அவ காயம் ஆறிப்போச்சி. ஊசி போட்டது போதும். பஸ் ஏறி ஏறி ஊருக்கே தண்டோரா போட்டாச்சி!"

"அம்மா, காயம் ஆறிடும். வெசம் ஆறாது."

"உனக்கு இன்னா தெரியும்?"

தெரு கூடிவிட்டது. அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "மொதலாளி! நீங்களா?"

அமானுல்லா. மாமல்லபுரத்தில் எண்ணெய் வியாபாரி. மாதாமாதம் அவன் மண்டியில் கடலை எடுப்பவர். வாரச் சந்தைக்குத் தவறாமல் வருபவர். இங்கே வாயைத் திறந்தால் இரண்டே நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்... செங்கல்வராயன் ஓரடி பின்வாங்கினான். வந்த வழியே போய்விடலாம்.

ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் அந்தக் கண்கள் தெரிந்தன. அழுது சிவந்திருந்தன.

சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். வயிறு முழுக்க வீங்கிச் சிவந்த தடிப்புகள்.

"எண்ணிக்கோங்க. பத்து. என்னியும் நாய்தான் கடிச்சுது. என் ஊருக்குக்கூடத் தெரியாது. எங்க சித்தப்பா ஊசி போடாம செத்தாரு, நான் பக்கத்துல நின்னு பாத்துகினு இருந்தேன். அத்த உங்க பொண்ணுக்குப் பாக்கப் போறீங்களா?"

ஞானம்மாள் அமானுல்லா பக்கம் திரும்பினாள். "பாய்... யாரு இவரு?"

"செய்யூர்ப் பக்கம் பெரிய மண்டிக்காரர்மா," என்றார் அமானுல்லா. "அவர் வார்த்தைய நம்பி கண்ண மூடிகினு சரக்கு எடுப்பேன். கதவத் தெறங்க."

தாழ்ப்பாள் விலகியது.

அன்று மாலையே அம்மாவும் மகளும் அவனும் மூவருமாகச் செங்கல்பட்டு போனார்கள். நேரம் தப்பி வந்ததற்கு சிஸ்டர் திட்டித் தீர்த்தார். திட்டிக்கொண்டே போட்டும் விட்டார்.

சேதி ஊருக்கு வந்து சேர்ந்தது. சந்தை நாளன்று மண்டிக்கு வந்த வண்டிகள் தள்ளியே நின்றன. மூட்டை தைக்கும் பெண்கள் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். டீக்கடையிலிருந்து அவனுக்குத் தனி கிளாஸ் வந்தது. இருபத்து நாலு வருஷமாகப் பயந்தது நேரிலேயே வந்துவிட்டது. தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அமானுல்லா நேராக உள்ளே வந்தார். அந்தத் தனி கிளாஸை எடுத்து, பாதி டீயைத் தான் குடித்துவிட்டு, மீதியை அவனிடம் நீட்டினார்.

"குடிங்க மொதலாளி. எடை போடலாமா?"

கொஞ்ச நேரத்தில் முதல் வண்டி நகர்ந்து வந்தது.

பதினாலாம் நாள். கடைசி ஊசி. அதே பெஞ்ச். லேசான தூறல்.

"முடிஞ்சிது சார்," என்றாள் ரோகிணி. "நாளைக்கு இன்னாத்துக்கு வரப் போறோம்..."

"முடியல ரோகிணி." அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "ஊசிய மீறியும் ஆயிரத்துல ஒருத்தருக்கு வருதாம். ஆறு மாசம் போனாத்தான் தெரியுமாம். அதுவரைக்கும் உன்னப் பாக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிகினு வந்தேன். எனக்கு எதுனா ஆயிட்டா நீ..."

"எனக்கு எதுனா ஆயிட்டா?"

நினைக்கவே முடியாததை அவள் எவ்வளவு சாதாரணமாகக் கேட்டுவிட்டாள்!

"சொல்லுங்க மண்டிக்காரரே..."

"மொதல்ல எனக்கு ஒரு பயம்தான் இருந்துது," என்றான். "இப்ப ரெண்டு ஆயிடிச்சி. என்னிய நெனச்சி ஒண்ணு... உன்ன நெனச்சி ஒண்ணு. உன்னுதுதான் பெருசா கீது. உன்ன எனக்கு அவ்ளோ புடிச்சிருக்கு ரோகிணி."

அவள் முகம் சிவந்து தாழ்ந்தது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். பிறகு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, அவன் கை மேல் தன் கையை வைத்தாள்.

"ஆறு மாசம் நீங்க அங்க தனியா, நான் இங்க தனியா பயந்துகினு கெடக்கணுமா?" கண்களை உயர்த்தினாள்... நனைந்த, பெரிய கண்கள். "வந்து எங்கம்மாவைக் கேளுங்க. ஒரே வூட்ல சேந்தே பயப்படலாம்."