எட்டாவது தலை

தீவில் வந்து இறங்கிய அரை மணி நேரத்தில், விடுதியின் தீயணைப்புக் கருவி விதியைவிட அரையடி உயரமாக மாட்டப்பட்டிருப்பதைப் பாதுகாப்பு அதிகாரி கண்டுபிடித்துவிட்டார். விடுமுறை என்றால் அவருக்கு அதுதான். ரசாயனத் தொழிற்சாலையில் இருபது வருடங்களாக ஆபத்து ஒத்திகை நடத்தி, வாசலில் நின்று தலைகளை எண்ணி உள்ளே அனுப்பியவர். தொழிலாளர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'தலையெண்ணி'. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. பட்டம் வாங்கியதுபோல் ஏற்றுக்கொண்டார்.

"வந்த இடத்துலயாவது சும்மா இருங்களேன்," என்றாள் மனைவி. "நாளைக்கு நான் மீன் பார்க்கப் போறேன். அதுங்களுக்கு ஹெல்மெட் மாட்டிவிடாம இருந்தா சரி."

மறுநாள் காலைப் படகில் பயணிகள் எட்டுப் பேர். பவளப்பாறைக்கு அருகில் நங்கூரம் போட்டதும், படகோட்டி ஒரு பலகையைக் காட்டினார். எட்டு ஆணிகள், எட்டு மரவில்லைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண்.

"இறங்கும்போது ஆளுக்கு ஒண்ணு எடுத்துக் கையில கட்டிக்குங்க. ஏறினதும் அதே ஆணியில மாட்டிடணும். எட்டு ஆணியும் நிறைஞ்சாத்தான் படகு நகரும். தலையை மட்டும் யாரும் எண்ண வேண்டாம்."

அதிகாரிக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. "வில்லையா முங்கிப் போகப்போகுது? ஆளுதானே முங்கும். ஆளை எண்ணுங்க."

"எண்ணாதீங்க சார்," என்றார் படகோட்டி. காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லத் தெரியாதவர்களைத் திருத்துவதற்காகவே அதிகாரி சம்பளம் வாங்கி வந்தார்.

முகத்தில் கண்ணாடி மாஸ்க்கும் வாயில் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, கணவனும் மனைவியும் தண்ணீரில் கைகோத்து மிதந்தார்கள். அது அவர் எழுதிய கையேட்டின் நான்காம் விதி. கீழே மஞ்சளும் நீலமுமாக மீன்கள் கும்பலாகத் திரும்பின. அவருடைய மூச்சுக்குழாயில் ஒரு மடக்குத் தண்ணீர் புகுந்தது. கையேடு மறந்துபோயிற்று. மனைவியின் கையை உதறிவிட்டு, முதல் ஆளாகப் படகில் ஏறினார். இருமி முடித்ததும், மேற்பார்வைக்காக ஏறியதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் மேற்கே வானம் கறுத்தது.

காற்று ஒரே வீச்சில் வந்தது. படகோட்டி விசில் ஊத, எல்லோரும் தட்டுத்தடுமாறி ஏறினார்கள். மழை ஊசியாகக் குத்தியதால் யாரும் மாஸ்க்கைக் கழற்றவில்லை. துண்டைத் தலையில் போட்டுக் குனிந்து உட்கார்ந்தார்கள். அலை படகைப் பாறைப் பக்கம் தள்ளியது.

அதிகாரி எழுந்து நின்று சத்தமாக எண்ணினார். தன்னோடு சேர்த்து எட்டு.

"சரியா இருக்கு. கிளம்புங்க."

"ஆறாம் ஆணி காலியா இருக்கு சார். அது உங்க வீட்டம்மாவோடது."

"அவ இதோ என் பக்கத்துல உட்கார்ந்திருக்கா. வாரத்துக்கு ரெண்டு தடவை மூக்குக்கண்ணாடியைத் தொலைக்கிறவ, வில்லையை வச்சிருப்பாளா?"

படகோட்டி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "முகத்தைப் பார்த்தீங்களா?"

"இருபத்திரண்டு வருஷமா பார்க்கற முகம். புதுசா என்ன இருக்கு?"

மற்றவர்கள் கிளம்பு கிளம்பு என்றார்கள். படகின் அடி பாறையில் உரசியது. நங்கூரம் மேலே வந்தது.

வழியெல்லாம் அதிகாரி பக்கத்தில் இருந்தவளுக்கு வகுப்பு எடுத்தார். வில்லை முறையின் ஓட்டைகள், தலையெண்ணும் முறையின் மேன்மை. அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்திரண்டு வருடங்களில் முதல் முறை. அவருக்குப் பெருமையாக இருந்தது. சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம் அது.

அழுகிய பாசியின் வாடை அடித்தது. படகு முழுவதும் அப்படித்தான் போலும் என்று நினைத்தார்.

"வெந்நீர் குடிக்கிறியா?"

அவர் குனிந்து பார்த்தார்.

மாஸ்க்கின் உள்பக்கம் தண்ணீர் நிறைந்திருந்தது.

படகு ஆடும்போது அது கண்ணாடிக்குள் மெல்லச் சாய்ந்தது, நிமிர்ந்தது. அதற்குள் இரண்டு கண்கள் திறந்திருந்தன.

இமைக்கவில்லை.

அவர் வாயைத் திறந்தார். ஒத்திகைகளில் ஆயிரம் பேரை விரட்டிய குரல் வரவில்லை. ஓர் அலை படகைத் தூக்கிப் போட்டது. மீண்டும் பார்த்தபோது அவள் உட்கார்ந்திருந்த இருக்கையில் ஈரம் மட்டும் இருந்தது. ஈரத் துண்டு, ஆள் உட்கார்ந்திருந்த வடிவத்திலேயே மெதுவாகக் கீழே இறங்கியது.

"என் பொண்டாட்டி," என்றார். "என் பொண்டாட்டி அங்க இருக்கா."

படகோட்டி ஏற்கெனவே படகைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் அதிகாரி தன் கையேட்டின் எல்லா விதிகளையும் மறந்து, கடலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.

பாறைக்கு இந்தப் பக்கம், கொந்தளிக்கும் தண்ணீரில் அவள் குப்புற மிதந்துகொண்டிருந்தாள். மூச்சுக்குழாய் மட்டும் வெளியே தெரிந்தது. படகோட்டி சட்டையைப் பிடித்து இழுத்ததும், தூக்கத்தில் எழுப்பியதுபோல் தலையைத் தூக்கினாள். மாஸ்க்கைக் கழற்றிச் சிரித்தாள். அவளேதான். பிறகு கணவனைப் பார்த்து முகத்தைச் சுருக்கினாள்.

"நீங்க எப்ப ஏறினீங்க? இவ்வளவு நேரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க. ஒரு நொடிதான் விட்டீங்க, உடனே பிடிச்சுக்கிட்டீங்க."

படகோட்டி அவள் மணிக்கட்டிலிருந்த வில்லையை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். பிறகு அதிகாரியின் காதருகே வந்து, "இங்க தலையை எண்ணினா ஒண்ணு கூடத்தான் வரும் சார். அதுக்குத்தான் வில்லை," என்றார். "நீங்க அதையும் கணக்குல சேர்த்துக்கிட்டீங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என்ன என்று அதிகாரி மனைவியிடம் சொல்லவில்லை. உடனே ஊருக்குக் கிளம்பலாம் என்று மட்டும் சொன்னார். கப்பல் மறுநாள் மதியம்தான். அதுவரை அறைக்குள் அடைந்து கிடக்க அவள் ஒப்பவில்லை.

"கடலே வேண்டாம், சரி. தோட்டத்துல என்ன பயம் உங்களுக்கு?"

மறுநாள் காலை, விடுதித் தோட்டத்தின் வண்ணத்துப்பூச்சிக் கூடம். மேலே கம்பிவலை, நல்ல வெயில், கண்ணுக்கு எட்டின தூரமெல்லாம் பூக்கள். பயப்படுவதற்கு ஓர் இண்டு இடுக்குகூட இல்லை. தோட்டக்காரப் பெண் விளக்கினாள்: "அசையாம நில்லுங்க. வேர்வையில இருக்கற உப்புக்காக மேல வந்து உட்காரும்."

மனைவி கையை நீட்டினாள். மணிக்கட்டில் ஒன்று அமர்ந்தது. முழங்கையில் இரண்டு. தோளில் ஒரு வரிசை.

அந்த வரிசை தோளோடு நிற்கவில்லை.

அவள் கழுத்துக்குப் பின்னால், வெற்று வெளியில், ஒன்றையடுத்து ஒன்றாக அமர்ந்தன. ஒரு கையின் நீளத்துக்கு. பிறகு, இன்னொரு தோளின் அகலத்துக்கு. சிறகுகள் மெல்லத் திறந்து மூடின.

தோட்டக்காரப் பெண் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"அசையாதீங்க," என்று மனைவி கிசுகிசுத்தாள். அவள் முன்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "பறந்துடும்."

அவர் அசையவில்லை.

பெரிய நீலப்பூச்சி ஒன்று இறங்கி வந்து, முகம் இருக்க வேண்டிய உயரத்தில் அமர்ந்தது. அமர்ந்த இடத்தோடு சேர்ந்து, மெதுவாக அவர் பக்கம் திரும்பியது.