அபெஸ் நிலையத்துப் படிகள்

மேரிறோஸின் வகுப்பு அன்று ஒரு பழைய மெட்ரோ நிலையத்தைப் பார்க்கப் போயிருந்தது. அதன் பெயர் அபெஸ். பாரிஸ் நகரத்திலேயே மிக ஆழத்தில் இருக்கும் நிலையம் அது.

"இந்தக் குன்றுக்குள் முன்பு கல் தோண்டினார்கள். மேல்மண் உறுதியாக இல்லை. அதனால்தான் இவ்வளவு கீழே கட்டினார்கள்," என்றார் ஆசிரியை மதலேன். "வாருங்கள், லிஃப்ட் வேண்டாம். படியில் ஏறுவோம்!"

"ஐயோ!" என்றது வகுப்பு.

அப்போது யாரோ மேரிறோஸின் தோளைத் தொட்டார்கள். சேலைக்கு மேல் கோட் போட்ட ஓர் இளம்பெண். ஒரு கையில் குழந்தை, மறு கையில் பெட்டி.

"தங்கச்சி, லா சப்பலுக்கு எப்பிடிப் போறது? பலகையிலை லா சப்பல் எண்டுதான் கிடந்தது. ஏறினால் இஞ்சை வந்து நிக்கிறன்."

மேரிறோஸுக்கு உடனே விளங்கியது. பலகையில் இருந்தது 'போர்த் து லா சப்பல்'. அது வேறு இடம்; தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் வேறு. புதிதாக வருகிறவர்கள் பலரும் விடும் பிழை.

ஆனால் பக்கத்தில் தெரேஸ் நின்றாள். போன வாரம் பள்ளிக்கூட வாசலில் மேரிறோஸை அவள் அம்மா தமிழில் கூப்பிட்டபோது, அதேபோலக் கத்திக் காட்டிச் சிரித்தவள்.

"எனக்கு விளங்கவில்லை," என்று பிரெஞ்சில் சொன்னாள் மேரிறோஸ்.

அந்தப் பெண்ணின் முகம் வாடியது. "குறை நினையாதை பிள்ளை. தமிழ்ப் பிள்ளையாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

படிகள் சுற்றிச் சுற்றி மேலே போயின. சுவரெல்லாம் ஓவியங்கள். மேரிறோஸ் ஒன்றையும் பார்க்கவில்லை. காது இரண்டும் சுட்டன. பொய் சொன்னது நான், மன்னிப்புக் கேட்டது அந்த அக்கா! குழந்தையின் ஒரு காலில் சொக்ஸ்கூட இல்லை.

அவள் சட்டென்று நின்றாள். பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள்.

"மதாம், நான் கீழே போகவேண்டும். அந்த அக்கா வழி கேட்டார். எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று பொய் சொன்னேன்."

"ஏன்?" என்று கேட்டாள் தெரேஸ்.

மேரிறோஸ் குனிந்து தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தாள். "நீங்கள் சிரிப்பீர்கள் என்று."

ஒருவரும் சிரிக்கவில்லை. தெரேஸின் முகம் சிவந்துபோயிற்று.

"எல்லோரும் திரும்புங்கள்," என்றார் ஆசிரியை. "இறங்குவோம்."

"மதாம், மேலே வெளிச்சமே தெரிகிறது!" என்று அழாத குறையாகச் சொன்னான் எமில்.

அந்தப் பெண் இன்னும் கீழேதான், அங்கிருந்த நீள வாங்கில் உட்கார்ந்திருந்தாள். மேரிறோஸ் மூச்சு வாங்க அவள் முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, நான் தமிழ்தான். நீங்கள் கேட்டது அப்பவே விளங்கினது. வெக்கத்திலை பொய் சொல்லிப்போட்டன்."

அந்தப் பெண் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "என்ரை மனுசன் அங்கை பாத்துக்கொண்டு நிப்பார். என்னைக் கொண்டுபோய் விடுவியே?" என்று கேட்டாள்.

"ஓம் அக்கா. எங்கடை பள்ளிக்கூடமும் அங்கைதான். எங்களோடை வாங்கோ."

ஆசிரியையும் சம்மதிக்க, வகுப்பு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் புறப்பட்டது. ரயில் வந்தது. தெரேஸும் எமிலும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி ஏற்றினார்கள். உள்ளே ஒரே கூட்டம். தெரேஸ் மேரிறோஸின் காதுக்குள் தயங்கியபடி, "குழந்தையின் பெயர் என்னவென்று கேளேன்," என்றாள்.

மேரிறோஸ் நிமிர்ந்து நின்றாள்.

"அக்கா, பிள்ளைக்கு என்ன பேர்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் கேட்டாள்.