பிணத்தின் கையடியில் அனுமதி அட்டை!

“ஆ... ஆ...!”

ஹெப்சிபாவின் அலறல், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தை ஒட்டிய அந்தப் புதுக் காலனியையே உலுக்கியது.

பதினாலாம் நம்பர் வீடு. திறந்து கிடந்த கதவு. ஹாலில் குப்புறக் கிடந்தார் வீட்டுக்காரம்மா ஸாவித்ரி. அவருடைய புடவைத் தலைப்பே அவர் கழுத்தில் இறுகியிருந்தது!

ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க அளவெடுக்க வந்தவள் ஹெப்சிபா. தினமும் ராஜபாளையத்தில் பஸ் ஏறி, தெருத் தெருவாகக் கதவைத் தட்டிப் பிழைப்பவள்.

வாசலுக்கு ஓடி வந்தாள். ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியது.

காலனிச் செயலாளர் தாமோதர்!

“ஏட்டி, எங்க ஓடுத? கொன்னுட்டுத் தப்பிக்கப் பாக்கியா?”

“சார், நான் இந்த வீட்டுக்கு இப்பத்தான் வந்தேன்! கூப்புட்டேன்... சத்தமே இல்ல... எட்டிப் பாத்தா...”

“பொய்! வீடு வீடா விக்க வாரதுகள உள்ள விடாதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். யாரு கேட்டிய?”

“நகைய எங்க ஒளிச்சு வச்சிருக்க?” என்று அவள் தோள்பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். அளவு நாடா, வலைத் துண்டுகள், டிபன் டப்பா... எல்லாம் சிதறின. குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

கூட்டம் கூடிவிட்டது.

“ரெண்டு அறை விடுங்க... நகை எங்கன்னு கக்குவா!” என்று கத்தினாள் எதிர்வீட்டு ப்ரியம்வதா. போன வாரம் இதே ஹெப்சிபாவுக்கு மோர் கொடுத்தவள்!

இன்ஸ்பெக்டர் சோலைச்சாமி வந்தார். உள்ளே போனார். திரும்பியபோது, அவர் கைக்குட்டையில் ஒரு அட்டை.

“அந்தம்மா கைக்கடியில கெடந்துச்சு. நகராட்சி குடுத்த விற்பனை அனுமதி அட்டை. போட்டோ ஒன்னோடதுதான?”

ஹெப்சிபா அட்டையை எட்டிப் பார்த்தாள்.

“எனக்குள்ளதுதான்ய்யா... ஆனா அது எங்கிட்ட இல்ல! இந்தக் காலனிக்குள்ள நுழையணும்னா கேட்ல அட்டையக் குடுத்துரணும். போறப்பத்தான் திருப்பித் தருவாவ. அதான் ரூல்!”

“என்னய்யா வாட்ச்மேன்?”

வாட்ச்மேன் கருத்தப்பாண்டி தாமோதரைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

“ஞாபகம் இல்லய்யா...”

“அம்புட்டுதான்! ஏத்துங்க ஜீப்புல!” தாமோதர் உறுமினார்.

பெண் காவலர் நெருங்கினார். ஹெப்சிபா சட்டென்று இடுப்பிலிருந்த செல்போனை உருவினாள். பின்கவரைக் கழற்றினாள்.

ஒரு பித்தளை வில்லை விழுந்து உருண்டது!

“டோக்கன்ய்யா! அட்டையக் குடுத்தாத்தான் இதத் தருவாவ. இதக் குடுத்தாத்தான் அட்டை திரும்பி வரும். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட எப்படிய்யா இருக்கும்?”

சோலைச்சாமி வாட்ச்மேனின் தோளில் கை வைத்தார். “இப்ப ஞாபகம் வருதா?”

“வருதுய்யா! இந்தப் பொண்ணு உள்ள போனதுமே, செக் பண்ணணும்னு செக்ரட்டரிதான் அட்டைய வாங்கிட்டுப் போனாரு. வாயத் தொறந்தா வேல போயிரும்னாரு!”

ஹெப்சிபாவின் கண்கள் எரிந்தன.

“அதான் பையக் கொட்டுனீரா? நீரு தேடுனது நகைய இல்ல... டோக்கன!”

தாமோதர் கேட்டை நோக்கிப் பாய்ந்தார். இரண்டு போலீஸ்காரர்கள் அமுக்கினார்கள்.

“கள்ளக் கையெழுத்துப் போட்டு எம் மனைய செக்ரட்டரி வித்துட்டான்னு காலையிலதான் ஸாவித்ரி அம்மா போன் பண்ணுனாவ. புகார் குடுக்க வாரேன்னாவ. அத உம்மகிட்டயும் சொல்லிட்டாவ போல!” என்றார் சோலைச்சாமி.

“எம்மேல கை வைக்க ஒமக்கு என்னய்யா பெர்மிஷன் இருக்கு?” தாமோதர் அலறினார்.

சோலைச்சாமி ஜீப் கதவை அகலத் திறந்துவிட்டார்.

“எங்க எடத்துக்குள்ள வர எந்தப் பெர்மிஷனும் வேண்டாம் செக்ரட்டரி... வெளிய போகத்தான் கோர்ட்ல வாங்கணும்!”