நெற்றி உயரத்தில்

கையுறையைக் கழற்ற மறந்தது எல்வினின் தப்புதான். கொடைக்கானல் குளிரில் கம்பளி உறைக்குள் இன்னொரு உறை கிடந்தால் யாருக்குத் தெரியும்? ஏரிக்கு மேலே அந்த பங்களாவில், சென்சார் வைத்த மெல்லிய உறைகளை மாட்டிக்கொண்டு பகலெல்லாம் சாக்லேட்டைத் தாளில் சுற்றுவது அவன் வேலை. அவன் விரல் அசைவதெல்லாம் மேஜைமேல் நிற்கும் ஜோடி ரோபோக் கைகளுக்குப் பாடமாகப் போகும். அன்று அந்த உறைகளோடே வீட்டுக்குப் போய், மகள் ஜெனிக்குச் சடை பின்னி, படுக்கும்முன் வழக்கம்போல் அவள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டபோதுதான் உறை கையிலேயே இருப்பதைக் கவனித்தான். ரோபோவுக்கு ஞானஸ்நானம் முடிந்தது என்று சிரித்துக்கொண்டான்.

மறுநாள் காலை சீப்பு நழுவி விழுந்தது. எடுத்தான். மறுபடி விழுந்தது. முடியை மூன்றாகப் பிரித்தான்; எதை எதன்மேல் போடுவதென்று விரல்களுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்று சொல்லிப் பார்த்தான். ஜெனி சிரிக்கவில்லை. தாயில்லாப் பிள்ளை, அவளுக்குத் தெரிந்தது இந்தக் கை ஒன்றுதான். நெற்றியைத் தொடப் போன கட்டைவிரல் பாதியில் நின்றது, அடுத்தவன் விரல் மாதிரி.

பங்களாவில் இன்ஜினியர் சந்தோஷ்குமார் குளிர்தான் காரணம் என்றார். மறுபடி கேட்டதற்கு லேப்டாப்பைப் பார்த்தார்.

மதியமே மூடுபனி ஜன்னலை அடைத்துவிட்டது. யூகலிப்டஸ் வாடை, சூடேறிய ஒயர் வாடை, கூரையிலிருந்து எங்கோ நீர் சொட்டும் சத்தம், நடுவே சாக்லேட்டுத் தாளின் சரசரப்பு. ரோபோக் கைகள் சுற்றிக்கொண்டிருந்தன, அவனைவிட அழகாக. பிறகு சரசரப்பு நின்றது. கைகள் எழுந்தன. காற்றில் எதையோ மூன்றாகப் பிரித்தன. பின்னின. கட்டைவிரல் நீண்டது. மேலிருந்து கீழ். இடமிருந்து வலம்.

ஜெனியின் உயரத்தில்.

அவள் நெற்றி எப்படி இருக்கும்? வெதுவெதுப்பாகவா? அவன் விரலில் எதுவும் இல்லை.

வெளியே ஓடினான். வாசல் நாற்காலியில் ஜலீல் பாய். பஜார் டெய்லர்; அவனுக்கு முன்னால் இந்த ரோபோக் கைகளுக்குத் தையல் பழக்கியவர், இப்போது இங்கே வாட்ச்மேன். எந்நேரமும் போர்வைக்குள் கை. குளிருக்கு என்று நினைத்துக் கேலிகூடச் செய்திருக்கிறான்.

"பாய், திரும்ப வருமா?"

அவர் தோளைக் குலுக்கிப் போர்வையை நழுவவிட்டார். மடியில் இரண்டு கைகள், யாரோ வைத்துவிட்டுப் போன சாமானாகக் கிடந்தன.

"வராது தம்பி. எனக்கு மொதல்ல தையல்தான் போச்சு. இப்ப வீட்டுல சோறு ஊட்டிவிடுறாக. வேலைய விட்டா நின்னுரும்னு நெனைக்காத. நான் உறையக் கழட்டி வருசமாச்சு. அது இன்னும் எடுத்துக்கிட்டுத்தான் கெடக்கு."