குருசுக்குப்பத்து நல்ல தண்ணி

ஆடி பிறந்தும் வெயில் குறையாத அந்த மத்தியானத்தில், குருசுக்குப்பத்துக் கைபம்பிலிருந்து வந்த தண்ணீர் பல் கூசும்படி ஜில்லென்றிருந்தது. காத்தவராயனுக்கு விவரம் தெரிந்த நாளாய் உப்பையே கக்கிய பம்பு அது. இப்போது நல்ல தண்ணி. கடலுக்குப் போய் வந்த ஆண்கள் வீட்டில் தூங்க, குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் அங்கேயே மாற்றி மாற்றிக் குடித்தார்கள். மீன் விற்றுக் களைத்து வந்த அவன் மனைவி சிவசங்கரியும் ஒரு சொம்பு குடித்தாள்.

அவன் வேண்டாமென்றான்.

"ஊரே குடிக்குது. உனக்கு மட்டும் என்னய்யா?" என்று சிரித்தாள்.

பம்பை ஒட்டித்தான் அவன் வேலை பார்த்த ஐஸ் கம்பெனி. அதன் குளிர் அறை வருடக்கணக்காக ஓயாமல் ஓடி, அடிமண்ணையும் அதற்குள் இருந்த ஊற்றையும் பாறையாக இறுக்கி வைத்திருந்தது. தரையே வயிறு மாதிரி உப்பிக் கிடந்தது. இந்த வருட வெயிலில் மிஷின் நின்றுபோக, மண் இளகியது, தரை உள்வாங்கியது. முதலாளி சொன்னாரென்று நேற்று அவன் கடப்பாரையால் அந்தத் தரையைப் பிளந்தபோது, உருகும் கறுத்த ஐஸுக்குள்ளிருந்து நெடுநாள் மூடியிருந்த வாய் திறந்த மாதிரி ஒரு மூச்சும் நாற்றமும் வந்தன. அடியில் தண்ணீர் சலசலத்துப் பம்புப் பக்கமாக நகர்வது காதில் விழுந்தது.

சாயங்காலம் சிவசங்கரியின் கை விறைத்திருந்தது. வேர்த்துக் கொட்டுகிற அறையில் அவள் மூச்சு மட்டும் புகையாக வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னான். அவள் அவனையே பார்த்தாள். விலை பேசுமுன் மீனைப் பார்க்கிற பார்வை.

பக்கத்து வீட்டில் வசந்தாவின் குரல் கேட்டது. "செவுளக் காட்டு."

புருஷன் தேவதாசை அறையப் போகிறாள் என்றே நினைத்தான். தினமும் நடக்கிற சண்டை. எழுந்திருக்கவில்லை. பிறகு ஓர் அலறல், பாதியில் அறுந்தது. ஈரமாக எதையோ பிய்க்கிற சத்தம்.

ஓடிப் போய்ப் பார்த்தான்.

வசந்தா தேவதாசின் மார்பில் முழங்காலை ஊன்றியிருந்தாள். அவள் கட்டைவிரல் அவன் தாடைக்கடியில் கணு வரை புதைந்திருந்தது. மீனின் செவுளைத் தூக்குவது போலத் தோலைத் தூக்கி உள்ளே பார்த்தாள்.

"செவப்பாத்தான் இருக்கு. இன்னும் கெடல அண்ணா."

தேவதாசின் கண் அசைந்தது. உயிர் இருந்தது.

சிவசங்கரியைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடத் திரும்பினான். அவள் பின்னாலேயே நின்றிருந்தாள். நீட்டிய கையைப் பிடித்து முறுக்கினாள். எலும்பு முறிந்தது. கத்தினான். சந்தில் யாரும் திரும்பவில்லை. கதவு கதவாகப் பெண்கள். தாடையில் விரல் கோர்த்துப் புருஷன்மாரை இழுத்து வந்தார்கள். மண்ணில் இரத்தக் கோடுகள். எல்லாம் ஐஸ் கம்பெனிக்குள் போயின.

அவனும் போனான். தரையில் தேய்ந்துகொண்டே.

பிளந்த பள்ளம். கறுத்த தண்ணீர். ஆண்கள் அதில் அடுக்கிக் கிடந்தார்கள். சிலர் இன்னும் துடித்தார்கள். அவர்கள் மேல் ஐஸ் ஏடு கட்டியது.

"இந்த வெயில்ல நீ கெட்டுப் போயிடுவய்யா," என்றாள் சிவசங்கரி, ஆசையாக. குளிர்ந்த விரல் தாடைக்கடியில் நுழைந்தது.

பள்ளத்தின் ஆழத்தில், அவ்வளவு பேருக்கும் அடியில் கிடந்த ஒன்று, அவனுக்கு இடம் விட்டு மெல்ல ஒதுங்கிப் படுத்தது.