அம்மாவின் எண்

மாடியிலிருந்த கம்ப்யூட்டரின் பெயர் ஸுப்ரியாவின் லேப்டாப்பில் தெளிவாகத் தெரிந்தது. அதிலுள்ள பொது ஃபோல்டரின் பெயரும் தெரிந்தது. தட்டினால் மட்டும், உள்ளே வர உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. பன்னிரண்டு வருஷமாக அவள் கூட்டிப் பெருக்கும் வீடு அது.

மட்டாஞ்சேரியில் விருச்சிக மாசத்துக் கடல் ஓதமான வேலியேற்றம் வந்துகொண்டிருந்த மத்தியானம். மழையும் இல்லை, காற்றும் இல்லை. காயல் தண்ணீர் மட்டும் ஓடை வழியாகச் சத்தமே இல்லாமல் ஏறிவந்து, தெருவை மூடி, முதல் படியை மூடி, எதிர்க் கோடவுனின் சுக்கு வாசனையோடு உப்புச் சேற்று வாடையையும் வீட்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. மணி மூன்றே முக்கால். ஏலூரில் ஆலை வேலையில் இருந்த கணவன் வெங்கிடேஸ்வரன் டீ நேரத்தில் ஃபோனில் கிடைத்தான்.

"ஏன்னா, பிங் பண்ணிக் கூப்பிட்டா பதில் வரது. ஃபோல்டர் மட்டும் தொறக்க மாட்டேங்கறது."

"பாஸ்வேர்ட் கேக்கறதோ?"

"அதுகூடக் கேக்கலை. வாசல்லயே நிறுத்திட்டது. உங்காத்து வழக்கமாக்கும்."

அவன் சிரித்தான். "நான்தான் அதுல ஒரு பட்டியல் போட்டு வெச்சேன். அந்தப் பட்டியல்ல இருக்கற நம்பர்லேந்து கூப்பிட்டாத்தான் உள்ளே விடும். அதுக்காகத்தானே ஆத்துல ஒவ்வொரு மெஷினுக்கும் மாறாத நம்பர் குடுத்தது, மனசிலாச்சோ?"

"என் நம்பரையும் சேத்துடுங்கோ."

"மானிட்டர்தான் இடியில போயிடுத்தே. கண்ணை மூடிண்டா சேக்கறது?"

"அப்போ அதுல யார் நம்பர்தான் இருக்கு?"

"அம்மாவோடது. பதினொண்ணு. அது ஒண்ணுதான்."

அவனுடைய அம்மா அனந்தலக்ஷ்மி கீழே படுத்தபடியே டேப்லெட்டில் பாட்டுக் கேட்பதற்காகத்தான் அந்த ஃபோல்டரையே அவன் பொதுவாக்கியிருந்தான். அவள் போய்ப் பத்து மாசம். வருஷாந்த ஆப்திகம் முடியும்வரை அவளுடைய மணையில் யாரும் உட்காருவதில்லை. வெங்கிடேஸ்வரன் ஒருபடி மேலே போய், அவள் டேப்லெட்டின் எண்ணையும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தான். ஃபிரிட்ஜில் ஒட்டிய காகிதத்தில் பதினொன்றுக்கு எதிரே 'அம்மா' என்றே இருந்தது.

"நம்பருக்குமா தீட்டு?" என்றாள் ஸுப்ரியா. "ஏன்னா, அஞ்சு மணிக்குள்ள சர்டிஃபிகேட் அனுப்பியாகணும். அந்தப் பள்ளிக்கூடம் திரும்பக் கூப்பிடாது."

"சரி, போடு. காரியம் ஆனதும் கையோட மாத்திடு. நான் உள்ளே போறேன். மொபைலை லாக்கர்ல வெக்கணும். ஆறு மணிக்குத்தான் எடுப்பேன்."

பாலக்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. தங்க குவார்ட்டர்ஸ் உண்டு. வேலை கிடைத்தால் இந்த வீட்டைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்துவிடுவதாக அவன் சத்தியம் செய்திருந்தான். அவளுடைய அசல் சர்டிஃபிகேட்டுகள் போன வருஷத்து வேலியேற்றத்தில் ஊறிக் கூழாகிவிட்டன. அலமாரியின் அடித்தட்டில் அவற்றை வைத்தது அனந்தலக்ஷ்மிதான். இந்தாத்து மாட்டுப்பொண்ணுக்கு வேலை எதுக்கு என்று அப்போதும் சொன்னாள். இப்போது மிச்சம் இருந்தவை மாடிக் கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்துவைத்த ஐந்து பிரதிகள் மட்டும்.

ஸுப்ரியா தன் லேப்டாப்புக்குப் பதினொன்று என்று எண் கொடுத்தாள்.

ஃபோல்டர் உடனே திறந்தது. பாட்டுகளின் நீண்ட வரிசைக்குக் கீழே ஐந்து சர்டிஃபிகேட்டுகள். அவற்றை இழுத்துத் தன் பக்கம் போட்டாள். பத்தாம் வகுப்பு வந்தது. பிளஸ் டூ வந்தது. மூன்றாவது பாதியில் நின்றுவிட, திரையின் மூலையில் ஒரு செய்தி எழுந்தது. இதே எண்ணில் இன்னொரு மெஷின் இந்த நெட்வொர்க்கில் இருக்கிறது.

இன்னொரு மெஷினா? அவள் உள்ளறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். பழைய மடிசார் புடவையில் சுற்றியிருந்தது டேப்லெட். மெல்ல எடுத்தாள். கறுப்பாக, சில்லென்று, பத்து மாசமாகச் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. பொத்தானை அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து, லேப்டாப்பின் எண்ணைப் பழையபடி பதினான்காக மாற்றிவிட்டு, பதினொன்றைப் பிங் பண்ணிக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

பதில் வந்தது. அடுத்த வரியிலும் பதில். அடுத்ததிலும். இழுத்து மூச்சு விடுவதைப் போல, ஒவ்வொன்றாக, நிதானமாக.

அப்போதுதான் மாடியிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

டொக்.

கண்ணாடியில் நகம் பட்ட சத்தம். அனந்தலக்ஷ்மி டேப்லெட்டை ஒரே விரலால், வளர்ந்த நகத்தால், கோழி கொத்துவது போலத்தான் தட்டுவாள். இத்தனை வருஷமாகக் கேட்டுக் கேட்டு ஸுப்ரியாவின் பற்கள் கூசிப்போயிருந்த சத்தம் அது. திரையைப் பார்த்தாள். திறந்தபடியே இருந்த ஃபோல்டரில் ஐந்து பெயர்கள் இருந்த இடத்தில் நான்கு.

டொக்.

மூன்று.

மாடிக்கு ஓடிக் கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கிவிடலாம் என்று படிக்கட்டின் கீழே வந்து நின்றாள். மேலே இருட்டாக இருந்தது. அங்கிருந்து விபூதியும் தலைவலித் தைலமும் கலந்த வாடை படிப்படியாக இறங்கி வந்தது. முதல் படியில் வைத்த காலை எடுத்துவிட்டாள். நடையில் இருந்த ரூட்டரைச் சுவரிலிருந்தே பிடுங்கினாள். பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்தன. இனி எதுவும் எதையும் தொட முடியாது. மிச்சம் பிழைக்கும்.

லேப்டாப்பில் பதில்கள் வந்துகொண்டே இருந்தன.

ரூட்டர் அவள் கையில் இருந்தது. வயர் தரையில் தொங்கியது. பதில். பதில். பதில்.

டொக்.

இந்த முறை சத்தம் படிக்கட்டின் நடுவில். அவள் பக்கம் வந்து சேர்ந்திருந்த பிளஸ் டூ, அவளுடைய சொந்த லேப்டாப்பிலிருந்தே, காணாமல் போயிற்று.

சர்டிஃபிகேட் போகட்டும். வேலை போகட்டும். முதலில் வெளியே போக வேண்டும்.

வாசல் கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள். தாழ் வந்தது, கதவு வரவில்லை. அடியில் தண்ணீர் குடித்துக் குடித்துப் பலகை ஊதி, நிலையோடு நிலையாக இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து இழுத்தாள். கதவுக்கடியில் வழிந்த தண்ணீர் பாதத்தை நனைத்தது. ஜன்னலில் கம்பி. பின்கட்டில் கம்பி. வெங்கிடேஸ்வரனின் ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. லாக்கரில்.

டொக். கடைசிப் படியில்.

கதவை உள்ளங்கையால் அறைந்தாள். "யாராவது இருக்கேளா? யாராவது!"

தெருவில் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு யாரோ நடந்து வந்தார்கள். எதிர்க் கோடவுனில் மூட்டை ஏற்றும் யூசுப். தேனிப் பக்கத்துக்காரன், இங்கே வந்து இரண்டு மாசம்தான் ஆகிறது.

"என்னக்கா, கதவு ஊறிக்கிச்சா?"

"ஆமா யூசுப்! சீக்கிரம்!"

"மட்டாஞ்சேரிக் கதவுக்கு இதே சோலியாப் போச்சு. பயப்படாதீங்க. தள்ளி நில்லுங்க, ஒரே மிதிதான்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

முதுகு எதன்மீதோ பட்டது.

"வேண்டாம்ப்பா." குரல் அவளுடைய காதுக்குப் பின்னாலிருந்து வந்தது. கரகரப்பாக, பொறுமையாக. "அவ எங்கேயும் போகலை. நீ போயி உன் வேலையைப் பாரு."

வெளியே தண்ணீர் அசையாமல் நின்றது.

"அட, வீட்ல பெரியம்மா இருக்கீங்களா?" என்றான் யூசுப். "அக்கா தனியா இருக்காங்கன்னுல்ல நெனச்சேன். சரிங்கம்மா."

கத்த வாயைத் திறந்தாள். ஓர் உள்ளங்கை வந்து மூடியது. உலர்ந்து, சில்லென்று, தைல வாடையோடு. அவள் தாடை அசையவில்லை.

சளக். சளக். அவன் போகிறான்.

இன்னொரு கை மெல்ல முன்னால் வந்தது. ஒரே ஒரு விரல் நீட்டியிருந்தது. வளர்ந்து, மஞ்சளாகி, வளைந்த நகம். அது அவளுடைய நெற்றியைத் தொட்டது.

டொக்.

தண்ணீரில் நடந்து போகிறவனின் பெயர் அவளுக்கு நினைவில் இல்லை.

டொக்.

ஏதோ ஓர் ஊர். மலை தெரியும். பள்ளிக்கூடம் ஒன்று. அங்கே போக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். எந்த ஊர்?

விரல் மறுபடியும் உயர்ந்தது.