தட்டான் பார்த்தது

திரையை அணைத்த பிறகும் ஸ்பீக்கர் ஒருமுறை ‘டக்’ என்றது.

நீட்டிய கையை அன்பரசி அப்படியே நிறுத்தினாள். ஆராய்ச்சிக்காகக் காவலூரில் வாடகைக்கு எடுத்த வீடு அது. வெளியே பகல் மூன்று மணி வெயில்; ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்திருந்ததால் உள்ளே ஒரு சின்ன விளக்கின் மங்கலும், உருகி ஆறிய மெழுகின் வாசனையும், புளி காயப்போட்ட பக்கத்து வாசலிலிருந்து கசிந்து வரும் புளிப்பும் மட்டும்தான். மேசைமேல் மெழுகில் பதித்த தட்டான் உயிரோடு இருந்தது. அதன் மூளைக்குள் முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசி. ஊசிமுனை ஒரே ஒரு நரம்பணுவைப் பிடித்திருந்தது. கொசு அளவுக்கு ஏதாவது நகர்வதைத் தட்டான் கண்டால் மட்டும் அந்த அணு துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஸ்பீக்கரில் ஒரு ‘டக்’; நகரும் புள்ளிகளை அதற்குக் காட்டத்தான் எதிரே அந்தத் திரை. மனிதக் கை, தலை மாதிரி பெரிய உருவங்களை அது சட்டை செய்யாது.

அந்த அணுவுக்காக அன்பரசி மூன்று வருஷம் ஊசி குத்தியிருந்தாள். கிடைக்கவில்லை. ஜூனில் ஆய்வுக்கு வந்து சேர்ந்த கீதாஞ்சலிக்கு இரண்டாவது வாரமே கிடைத்தது.

“கீதாஞ்சலி கைராசிக்காரிம்மா. நீ பக்கத்துல இருந்து கத்துக்கோ” என்று காலையில்தான் பேராசிரியர் போனில் சொன்னார். அதிலிருந்து அன்பரசிக்குச் சோறு இறங்கவில்லை. கீதாஞ்சலி சிரிப்பது, தலைமுடியை அள்ளி முடிவது, டம்ளரைக் கீழே வைப்பதுகூட நெஞ்சில் காந்தியது.

“அக்கா, வூட்டுக்கார துரைக்கண்ணு அண்ணன்கூட ஏரிக்குப் போய்ட்டு இன்னும் நாலு தட்டான் புடிச்சினு வர்றேன். இத்தக் கொஞ்சம் பாத்துக்கோங்க” என்று வலையோடு அவள் கிளம்பி அரை மணி ஆகிறது.

ஊசியை ஓர் இழை நகர்த்தினால் போதும். அணு செத்துவிடும். தானாக நழுவியது என்றுதான் நினைப்பாள்.

அன்பரசி மறுபடி கையை நீட்டினாள்.

டக். டக்டக்.

கொசுவாக இருக்கும். விளக்கைத் தூக்கிப் பார்த்தாள். சுவர், கூரை, மேசை. எதுவும் இல்லை. ஓர் அட்டையால் தட்டானின் இடது பக்கத்தை மறைத்தாள். சத்தம் நிற்கவில்லை. வலது பக்கத்தை மறைத்தாள். நின்றது.

வலது பக்கம் அவள்தான் உட்கார்ந்திருந்தாள்.

அட்டையை எடுத்தாள். டக்டக்டக். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். டக்டக்டக். மூச்சைப் பிடித்தாள். டக்டக்டக். நாற்காலியோடு அறையின் மூலைக்கு நகர்ந்தாள். அமைதி. திரும்பி வந்து, முகத்தை மட்டும் தட்டானுக்கு நேரே கொண்டுபோனாள்.

ஸ்பீக்கர் பொரிந்தது.

போன் கேமராவில் தன் முகத்தைப் பார்த்தாள். கன்னம். நெற்றி. மூக்கு. சுத்தமாக இருந்தது. பிறகுதான் கண்ணைப் பார்த்தாள்.

வலது கண்ணின் வெள்ளையில் ஒரு கறுப்புப் புள்ளி. கடுகில் பாதி. நடந்துகொண்டிருந்தது.

வலி இல்லை. உறுத்தல் இல்லை. இமையைத் தேய்த்தாள். புள்ளி கீழிமையைத் தாண்டி வெளியே வந்தது. கன்னத்தில் இறங்கியது. தொடுவதே தெரியவில்லை. அதன் பின்னால் இன்னொன்று. இன்னொன்று.

கதவு திறந்தது.

“இன்னாக்கா இது, இப்டிப் பொரியுது!” கீதாஞ்சலி வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அன்பரசியின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, தட்டானிடம் குனிந்தாள். “அப்பா! இப்டி ஒரு சிக்னல் யாருக்கும் கிடைச்சிருக்காதுக்கா. சாருக்கு இப்பவே போன் போடணும்.”

அன்பரசியின் மோவாயிலிருந்து முதல் புள்ளி மேசையில் விழுந்தது. நின்றது. பிறகு நேராகக் கீதாஞ்சலியின் முழங்கையை நோக்கிப் போனது.

சொல்லலாம். ஒரு வார்த்தை போதும்.

புள்ளி கையில் ஏறியது. தோள். கழுத்து. காதோரம்.

அன்பரசி வாயைத் திறக்கவில்லை.

கீதாஞ்சலி சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணோரத்தில் புள்ளி ஒரு நொடி தயங்கியது. அவள் இமைக்கக் காத்திருந்து, இமைத்ததும் உள்ளே போனது.